இருசப்பனைப் பிடித்து இவரை விட்ட சார்ஜன்

4 ஜூன் 2024
மழை. துணி காயவில்லை. மாலையில் என் வீட்டுக்காரர் கோகிலன் நடந்தே வீடு வந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழத்தை விற்கலாமென்று பொறுக்கியிருக்கிறார்கள், இவரும் கூட்டாளி இருசப்பனும். அனுமதி கிடையாது. போலீஸ் பிடித்துவிட்டது. இருசப்பன் லோக்கப்பில். இவரை மட்டும் "வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டாராம் சார்ஜன் கணேஸ்வரன்.

"உங்கள மட்டும் ஏன் விட்டாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவரு மூடு லா."

ஒரே தோட்டம், ஒரே சாக்கு. ஒருத்தருக்கு லோக்கப், ஒருத்தருக்கு வீடா?

5 ஜூன்
நான் வேலைக்குப் போகும் ராவாங் ஃபேக்டரி வேனில் இருசப்பன் மனைவி புஷ்பா என் பக்கமே திரும்பவில்லை. பின்னால் யாரோ மெல்ல, "காட்டிக் கொடுத்தவன் தப்பிச்சிட்டான்" என்றார்கள். யாரென்று பார்க்கவில்லை.

8 ஜூன்
இருசப்பன் ஜாமீனில் வந்துவிட்டான். சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். இவர் போய்ப் பார்க்கவில்லை.

11 ஜூன்
கடைத்தெருவில் சார்ஜன் இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இவர் சட்டென்று திரும்பிக்கொண்டார். எதுக்கு தலையாட்டுறாரு? இவரு ஏன் மூஞ்சிய திருப்பிக்கிறாரு? இவர் குளிக்கும்போது போனைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அழித்திருக்கலாம் —

13 ஜூன்
தூக்கமில்லை. பக்கத்தில் இவர் குறட்டை.

18 ஜூன்
லீவு போட்டுவிட்டு, இருசப்பனை லோக்கப்பில் வைத்திருந்த போலீஸ் பாலாய்க்குப் போனேன். சார்ஜனிடம் நேராகவே கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் உங்களுக்குத் தகவல் சொல்ற ஆளா சார்?"

அவர் சிரிக்கவில்லை. "இல்லம்மா. 'பர்மிட் இருக்குன்னு பொய் சொல்லி நான்தான் கூட்டியாந்தேன், இவனுக்கு ஒன்னும் தெரியாது, இவனுக்கு இப்பதான் லோரி கம்பெனியில வேலை நிரந்தரமாச்சு, கேஸ் விழுந்தா போயிடும்'னு இருசப்பன்தான் கெஞ்சினான். உன் புருஷன் தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னான். ரெண்டு பேரையும் பிடிச்சிருக்கலாம். நம்பலாம்னு தோணுச்சு, விட்டேன்."

வரும் வழியில்தான் நினைவு வந்தது. "வாடா, காவல் இருக்காது" என்று பிடிபட்டதற்கு முந்தின நாள் போனில் இருசப்பனைக் கூப்பிட்டது இவர்தான். என் காதால் கேட்டேன். எங்கே என்றுதான் கேட்கவில்லை.

19 ஜூன்
சாப்பிடும்போது கேட்டேன்.

"அவனாத்தான் சொன்னான், பிரேமலா. நான் சொல்லச் சொல்லல."

"நீங்க இல்லைன்னும் சொல்லலையே."

கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் இது மட்டும் என்னவாம்?

21 ஜூன்
இவரே சட்டையை மாட்டினார். "பாலாய்க்குப் போறேன். வரியா?"

சார்ஜன் இவரை உட்காரச் சொன்னார். "அன்னிக்கு விட்டது என் முடிவு. இன்னிக்கு நீ வாக்குமூலம் கொடுத்தா அப்புறம் எதுவும் என் கையில இல்ல. யோசிச்சிக்கோ."

இவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயம். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுதிக்குங்க சார். கூட்டிட்டுப் போனது நான்தான்."

2 ஜூலை
லோரி வேலை போய்விட்டது.

9 ஆகஸ்ட்
கோர்ட். இருவரும் ஒன்றாக நின்றார்கள். முதல் குற்றம் என்பதால் நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். வெளியே வந்ததும் இருசப்பன், "வாய மூடிக்கிட்டு இருந்தா ஒருத்தனாவது பொழைச்சிருப்பான். முட்டாள் லா நீ" என்றான். இவர் எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடைக்கு நடந்தார்.

இவர் தானாகப் போனாரா, நான் தெரிந்துகொண்டதால் போனாரா? இன்னும் கேட்கவில்லை.

நால்வரும் ஒரே மேசையில் மீ கோரேங் சாப்பிட்டோம். புஷ்பா தன் தட்டையே பார்த்துச் சாப்பிட்டாள். பாதியில், என் தட்டிலிருந்து ஓர் இறாலை எடுத்துத் தின்றாள். என்னைக் கேட்கவில்லை.