பூஜையில் வைத்த யு.பி.எஸ்.

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
11-10-2025, சனிக்கிழமை

அன்பு மகன் தினேஷ்குமாருக்கு அப்பா ஆஞ்சப்பன் எழுதுவது. இங்கு நான், உன் அம்மா, மருமகள் மாதேஸ்வரி, பேத்தி குட்டி காவியா நால்வரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கு டெல்லிப் பக்கம் மானேசரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாதேஸ்வரன் துணை இருப்பார். தினம் ராத்திரி போனில் பேசுகிறவனுக்கு அப்பன் எதற்குப் பேப்பரும் பேனாவும் எடுத்தான் என்று நினைப்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நானும் அதுதான் சாக்கு என்று பேச்சை மழைக்கும் மாத்திரைக்கும் மாற்றிவிடுவேன். இந்த ஒரு வாரத்தில் மூன்று தடவை அப்படித்தான் மாற்றினேன். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, கிருஷ்ணகிரி டாக்டர் கொடுத்த எண்ணெயைத் தேய்த்துவிட்டு எண்ணெய்க்கு வலி ஒன்றும் கேட்கவில்லை என்று தினமும் என்னிடம்தான் சண்டை. காவியா பள்ளிக்கூடத்தில் கன்னடம் பேசுகிற பிள்ளைகளோடு சேர்ந்து கன்னடத்திலேயே என்னை மிரட்டுகிறாள். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டர் எரிந்து மாதேஸ்வரியின் பரீட்சை பாதியில் நின்றதே, அதற்குக் காரணம் அவள் இல்லை. நான். அவள் யு.பி.எஸ்.ஸைப் போட மறந்துவிட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் மறக்கவில்லை. நான் கொடுக்கவில்லை. நடந்தது இதுதான். அன்றைக்குக் காலையில் நானே கூடத்தைத் துடைத்து, மணை போட்டு, என் ஸ்பேனர் செட், டெஸ்டர், வோல்டேஜ் பார்க்கிற மீட்டர், காவியாவின் நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். கூடவே நீ போன வருஷம் கம்ப்யூட்டருக்கென்று வாங்கிக் கொடுத்த யு.பி.எஸ்.ஸையும் பிளக்கைப் பிடுங்கி, தூசி தட்டி, சந்தனம் குங்குமம் வைத்து நடுவில் வைத்தேன். மகன் வாங்கிக் கொடுத்தது என்ற பெருமை. பொரிகடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பத்து மணிக்கெல்லாம் பூஜை முடிந்தது. உனக்குத் தெரியும், இருபத்தெட்டு வருஷம் கம்பெனி மெயின்டனன்ஸில் ஆயுத பூஜைக்கு மெயின் சுவிட்சை இறக்குவது என் கைதான். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டுத்தான் எடுப்போம், அதுவரைக்கும் ஒரு நட்டைக்கூட யாரும் தொட மாட்டார்கள். கல்லாவியில் உன் தாத்தா காலமெல்லாம் அடுத்தவர் மண்வெட்டியால் அடுத்தவர் நிலத்தை வெட்டினவர், பூஜையில் வைக்க அவருக்கென்று ஒரு சாமான் இருந்ததில்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு இந்த ஒரு நாள் மீது அத்தனை பிடிவாதம்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு மாதேஸ்வரி வந்து நின்றாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்லுக்கெல்லாம் நோய்க்கு ஒரு நம்பர், வைத்தியத்துக்கு ஒரு நம்பர் என்று வீட்டிலிருந்தே போடுகிறாளே, அந்த வேலையை நிரந்தரம் பண்ணுவதற்கு இரண்டு மணியிலிருந்து ஐந்து வரைக்கும் கம்ப்யூட்டரிலேயே பரீட்சை. அந்த ஊர்க்காரங்களுக்கு நம்ம பண்டிகை தெரியாது மாமா, யு.பி.எஸ்.ஸ மட்டும் எடுத்துக் குடுத்திடுங்க என்றாள். சாமி முன்னால வெச்சத எடுக்கக் கூடாதும்மா என்றேன். கரண்ட் போச்சுன்னா என்ன பண்றது மாமா என்றாள். அங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் முன்னால் வந்தது. இன்னிக்கி சிப்காட் மொத்தமும் லீவு, ஒரு மிஷினும் ஓடாது, லைன்ல கரண்ட் இழுக்கற லோடே இல்ல, கரண்ட் எதுக்குப் போகும், மெயின்டனன்ஸ்காரன் சொல்றன், தைரியமா உக்காரு என்று சொல்லி நானே கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் சொருகிக் கொடுத்தேன். அவள் ஒரு நிமிஷம் மணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய் உட்கார்ந்துவிட்டாள்.

நாலு மணிக்குக் காற்றும் மழையும் பிடித்தது. எங்கேயோ மரக்கிளை விழுந்திருக்க வேண்டும், நாலேகாலுக்குக் கரண்ட் போனது. போனது கூடப் பெரிதில்லை தினேஷ். ஐந்து நிமிஷத்தில் வந்ததே, அது வந்த வேகத்தில் கூடத்து டியூப்லைட் பளீரென்று எரிந்தது, உள்ளே கம்ப்யூட்டர் பெட்டியில் பட்டென்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகின வாசனை. லோடு இல்லாத நாளில் லைனில் வோல்டேஜ் ஏறும் என்பது மெயின்டனன்ஸுக்கு வருகிற புதுப் பையனுக்கு முதல் வாரத்தில் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம். கம்பெனியில் லீவு முடிந்து மெயினைப் போடுவதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் நான் ஒரு நாளும் போட்டதில்லை. அந்த லோடு இல்லாததையே சொல்லித்தான் அவளுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறேன், பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு மீதியை மறந்தவன். யு.பி.எஸ். நடுவில் இருந்திருந்தால் கரண்ட் போன நேரத்துக்குத் தன் பேட்டரியிலிருந்து கொடுத்து, வந்த அடியையும் பெரும்பாலும் தானே வாங்கிக்கொண்டு, பெட்டிக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்திருக்கும். அது கழுத்தில் பூவோடு மணையில் உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய் முதலில் என்ன செய்தேன் தெரியுமா, மணையிலிருந்து என் மீட்டரை எடுத்து பிளக்கில் வைத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்று அறுபத்தெட்டு வோல்ட் காட்டியது. சாமி முன்னால் வைத்ததை எடுக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி மூன்று மணி நேரம் ஆகவில்லை. என் கைக்கு அவசரம் என்றதும் சாமியும் குறுக்கே வரவில்லை, மறுபூஜையும் குறுக்கே வரவில்லை. மீட்டரில் வைத்த குங்குமம் என் விரலில் ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மாதேஸ்வரியும் அதைப் பார்த்தாள். செல்போனில் பரீட்சையைத் திறக்க முடியுமா என்று ஐந்து மணி வரைக்கும் முட்டிமுட்டிப் பார்த்துவிட்டு, நேரம் முடிந்ததும் எழுந்து போய் காவியாவுக்குத் தலை வாரிவிட்டாள்.

இதையும் மன்னித்துவிடலாம், யந்திரம்தானே எரிந்தது என்று சொல்லலாம். எட்டு மணிக்கு நீ போன் பண்ணினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கை வேலையாக இருந்ததால் அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரி மேல் வைத்திருந்தாள். கரண்ட் போயி கம்ப்யூட்டர் எரிஞ்சிடுச்சுங்க, பரீட்ச பாதில நின்னுபோச்சுங்க என்று மட்டும்தான் சொன்னாள். யு.பி.எஸ். போடலியா என்று கேட்டாய். போடலைங்க என்றாள். அதற்குமேல் நீ பேசினது வீடு முழுக்கக் கேட்டது. ஒரு பிளக்கைச் சொருகத் துப்பில்லாதவளுக்கு வேலை ஒரு கேடா, நீ வேலை செஞ்சு கிழிச்சது போதும், நாளைக்கே மெயில் போட்டு வேலய விட்டுட்டு வீட்டப் பாரு என்றாய். நான் எங்கே இருந்தேன் என்று நினைக்கிறாய். அலமாரிக்கு எதிர் நாற்காலியில், டி.வி. ரிமோட் கையில். எட்டிப் போனை எடுத்து, அவளைத் திட்டாதடா, தப்பு என்னுது என்று சொல்ல அரை நிமிஷம் போதும். அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள், இரண்டும் ஒரே கூடத்தில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தன.

உன் அம்மா என்னோடு சரியாகப் பேசி பத்து நாள் ஆகிறது. சாப்பாடு மட்டும் வந்துவிடுகிறது. நேற்று நான் சும்மா இருக்க முடியாமல் யானைக்கும் அடி சறுக்கும் ஜோதி என்றேன். யானை சறுக்குனா யானைதான் வுழணும், இங்க வுழுந்தது அவளாச்சே, நீ வாயத் தொறக்கலன்னா நான் தொறக்கறன் என்றாள். வாயைத் திறக்க எனக்கு வேறு சந்தர்ப்பமும் வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியை நம்ம தெரு முனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெகதீஷிடம் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே கரண்ட் வாங்கிக் கொடுக்கிற பெட்டிதான் போயிருக்குது, ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்குதுண்ணா என்றவன், வீட்ல யு.பி.எஸ். இல்லியா என்று கேட்டான். இல்லப்பா என்றேன். அவனிடம் எனக்கு என்ன பயம், ஆனாலும் அப்படித்தான் வாயில் வந்தது. ஒரு தடவை மூடின வாய் அடுத்த தடவை தானாக மூடிக்கொள்கிறது.

இத்தனை நாளாக யோசித்துப் பார்த்தேன். ஏன் எடுத்துக் கொடுக்கவில்லை, ஏன் பேசவில்லை. சாமி பயம் என்று சொன்னால் அது பொய், மீட்டர் விஷயத்தில்தான் தெரிந்துவிட்டதே. உள்ளதைச் சொல்கிறேன், அவள் செய்வதை நான் வேலை என்றே எண்ணவில்லை. எண்ணெய்க் கறை இல்லை, ஷிப்டு இல்லை, கம்பெனிச் சங்கு இல்லை, உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறாள், பொழுது போகிறது என்றுதான் இருந்தேன். மணையில் என் ஸ்பேனரை வைத்தேன், உன் யு.பி.எஸ்.ஸை வைத்தேன், பிள்ளையின் நோட்டை வைத்தேன். இந்த வீட்டில் இன்றைக்குத் தினமும் எட்டு மணி நேரம் ஓடுகிற ஒரே ஆயுதம் அவள் கம்ப்யூட்டர், அதற்கு ஒரு பொட்டு வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நீயும் அதே எண்ணத்தில்தான் அன்றைக்குப் பேசினாய் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்து வளர்ந்தவன்தானே. அதனால் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் நீ பேசினது தப்பு.

இப்போது முக்கியமானது. அவள் கம்பெனி மேடம் நடந்ததைக் கேட்டு, இருபத்திமூன்றாம் தேதி இன்னொரு தடவை எழுதலாம், பதினெட்டுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். இதை அவள் உன்னிடம் சொல்லவில்லை, உன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவையும் விட்டால் வேலை போனதுதான். கம்ப்யூட்டர் சரியாகி வந்துவிட்டது. யு.பி.எஸ்.ஸை எடுத்து அதன் இடத்தில் வைத்து, கம்ப்யூட்டர், நெட் பெட்டி இரண்டை மட்டும் சொருகி, கரண்டை நிறுத்தி மூன்று தடவை சோதித்துவிட்டேன், இருபத்தைந்து நிமிஷம் நிற்கிறது. மிக்சியோ இஸ்திரிப் பெட்டியோ அதில் யாரும் சொருகக் கூடாது என்று காவியாவுக்குக்கூடச் சொல்லியாயிற்று. உன் ரூமிலும் டி.வி.யை நேராகச் சுவரில் போடாதே, லீவு நாளில் அதுவும் பேக்டரி ஏரியாவில் ஜாக்கிரதை. தினேஷ், அப்பன் உன்னிடம் கேட்பது ஒன்றுதான், நீ பெரிய மனசு பண்ணி அவளைப் பரீட்சை எழுத விடு.

மேலே எழுதினதோடு முடித்து உறையில் போடத்தான் இருந்தேன். அவளைப் பற்றி எழுதி அவளுக்குத் தெரியாமல் அனுப்பினால் அது இன்னொரு தடவை வாயை மூடினது போலத்தான் என்று தோன்றியது. மாதேஸ்வரியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று முழுவதையும் படித்தாள், ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். பிறகு, எல்லாம் நடந்தபடிதான் எழுதியிருக்கீங்க மாமா, கடைசி வரிய மட்டும் அடிச்சிடுங்க, என்ன எழுத வுடச் சொல்லி யாரையும் கேக்க வேண்டாம், நான் எழுதப் போறன், மேடத்துக்குப் புதன்கிழமையே பதில் போட்டுட்டன் என்றாள். நான் இத்தனை பக்கம் அவளுக்காகப் பரிந்து எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்காகக் காத்திருக்கவே இல்லை. அவள் சொன்னபடி பெரிய மனசு என்ற வரியின் மேல் கோடு போட்டிருக்கிறேன், நீ அதைப் படிக்க வேண்டியதில்லை. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனவள் நின்று, அன்னிக்கி நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் மாமா என்றாள். தப்புதாம்மா என்றேன். அவள் கண்ணைப் பார்த்து அதை நான் சொன்னது இப்போதுதான்.

ஆகையால் இது உன்னிடம் கேட்பதற்கான கடிதம் இல்லை, தெரிவிப்பதற்கு. இருபத்திமூன்றாம் தேதி அவளுக்குப் பரீட்சை. அன்றைக்கு ரெண்டு மணியிலிருந்து ஐந்து வரை வீட்டுக்குப் போன் பண்ணாதே. கடிதம் கைக்கு வந்ததும் அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து மணிக்குக் கூப்பிடு, அவளிடம் நீ சொல்ல வேண்டியதைச் சொல். போனை ஸ்பீக்கரிலேயே போடச் சொல்கிறேன், அவளைத் திட்டினதை வீடே கேட்டது, இதையும் வீடே கேட்கட்டும். நீ ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் பேச வேண்டும்.

குளிர் வருவதற்குள் கம்பளி வாங்கிக்கொள். நீயும் உன் பெண்டாட்டி பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்து நூறு வருஷம் நல்லபடியாக வாழ வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
க. ஆஞ்சப்பன்