கம்பெனி அணிக்கு ஓர் ஆள்

மந்தைவெளி, 14-11-1946

அன்புள்ள ஜைதூனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் மூட்டுவலி எப்படி? எழுதப்போவது: 1. என் நலம். 2. கூடைப்பந்துத் தேர்வு. 3. வேண்டியவை.

1. நலமே.

2. எங்கள் கம்பெனி அணியில் ஆட, சம்பள வேலை கொடுத்துச் சேர்த்துக்கொள்ள ஒரு கல்லூரி மாணவனைத் தேர்ந்தெடுக்கும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் வந்த மூவரும் உதவாக்கரைகள். நெட்டையன் ஓடுவதைவிடத் தலை வாருவதே அதிகம். அடுத்தவன் கண்ணை மூடிக்கொண்டு எறிகிறான். குள்ளன் கருணாகரன் பந்து வந்ததுமே இன்னொருவனிடம் தள்ளிவிடுகிறான், கோழை. ஏன் என்று கேட்டேன். "கூடையாண்ட நம்ம ஆளு காலியா நின்னுகினு கீறான், நான் இன்னாத்துக்கு சார் எறியணும்?" என்றான்.

3. சுக்குப்பொடி அனுப்பு. இங்கே இருமினால் கேட்க ஆளில்லை.

தபால் எடுக்கும் நேரம். கோழை என்று எழுதியது தவறு. மூவரில் அவன்தான் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து ஆடினான். முதலாளிக்கு நெட்டையனைத்தான் பிடித்திருக்கிறது. நாளை அவரிடம் கருணாகரன் பெயரைச் சொல்லப்போகிறேன். அவர் மனம் மாற அல்லாஹ்விடம் துஆ செய்.

ஷாஹுல் ஹமீது