தறிக்குழி ஓரத்தில் ஒரு தம்ளர் தண்ணீர்

கரியையும் உப்பையும் மாற்றி மாற்றிக் கொட்டி, மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் ஒரு வாசனை எழுமே, அது இன்று காலை கூரம் கிராமத்தில் எழுந்தது. ஒரு புது வீட்டுக்கு எர்த் குழி போட்டுக்கொண்டிருந்தேன். மெயினைப் போடப் போகும்போது, பழக்கதோஷத்தில், ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டேன். குடிக்கத்தான் என்று நினைத்து வீட்டுக்காரர் கொடுத்தார். நான் அதைத் தரையில் வைத்துவிட்டு உற்றுப் பார்த்ததும், ஆள் சரியில்லையோ என்று ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார். அவருக்கு என்னவென்று விளக்குவது? உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே தெருவில் பிறந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நீ பிசிக்ஸ் வாத்தியார் ஆனாய், நான் எலக்ட்ரீஷியன் ஆனேன். நீ கரண்டைப் பற்றிப் பேசினாய், நான் கரண்டைத் தொட்டேன். அந்த ஒரு நாள் மட்டும் வராமல் இருந்திருந்தால் நம் வண்டி அப்படியே ஓடியிருக்கும்.

பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் ஏகாம்பரம் வீடு. கிரைண்டரில் கை வைத்தாலே ஷாக் அடிக்கிறது என்று அவர் மனைவி அலமேலு அம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். தறிக்கூடத்துக்குப் பின்னால் எர்த் குழி வெட்டி, பைப் இறக்கி, ஒயர் இழுத்து, மெயினைப் போட்டேன். போட்ட அதே நொடியில் பூமி ஆடியது.

தறிமேல் தொங்கிய கயிறெல்லாம் ஊஞ்சலாடின. நின்றுகொண்டிருந்த எனக்கு லேசாகத் தலை சுற்றியது போலத்தான் இருந்தது. ஏகாம்பரமோ தறிக்குழிக்குள் இரண்டு காலையும் விட்டு மிதியை மிதித்துக்கொண்டிருந்தவர். மண்ணுக்குள் இருந்த அந்தக் கால்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. "ஐயோ, கரண்டு!" என்று துள்ளி வெளியே வந்தார்.

லேசான நில அதிர்வு என்று டிவியில் ஓடியது. யார் கேட்டார்கள்? "டிவிக்காரன் இன்னா தறிக்குழில உக்காந்துக்கினா இருந்தான்? என் காலு சொல்லுதுபா. நீ பூமில கரண்டை வுட்டே, அது உதறிச்சு" என்றார் ஏகாம்பரம். சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. எர்த்தைப் பிடுங்கினால்தான் குழியில் கால் வைப்போம் என்று ஒரே பிடி. பிடுங்கினால் அலமேலு அம்மா என்றாவது ஒருநாள் கிரைண்டரோடு ஒட்டிக்கொள்வார். பிடுங்காவிட்டால் பூகம்பத்தை வரவழைத்தவன் என்ற பட்டம் எனக்கு.

உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன். வாத்தியார் வாயால் 'இல்லை' என்று ஒரு சொல் வந்தால் போதும். தெருவே உன் முகத்தைப் பார்த்தது. நீ தாடையைச் சொறிந்துகொண்டு, "உறுதியா சொல்ல முடியாதுபா" என்றாய். உன்னை அந்தக் குழியிலேயே தள்ளி மூடிவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"ஏன்டா, எர்த்துல போறதே கசிவு கரண்டு. அது பூமியை ஆட்டுமா?" என்று டீக்கடையில் கத்தினேன்.

"ஆட்டாதுன்னுதான் நானும் நெனைக்கிறேன். ஆனா பாரு, கேஸ் லைட்டரை அமுக்கினா பொறி வருது இல்ல? உள்ள இருக்கிற கல்லை அமுக்கினா கரண்டு. அப்போ கரண்டு குடுத்தா கல்லு அசையணுமே?"

"அசையுமா?"

"அசையும். மயிரிழைகூட இல்ல, அதுக்கும் கம்மி. ஆனா அடியில பாறையும் பாறையும் முட்டிக்கினு, வழுக்குற பதத்துல நின்னுக்கினு இருந்தா?"

எங்கோ மலைநாட்டில் பெரிய பெரிய மின் துடிப்புகளைப் பூமிக்குள் அனுப்பிப் பார்த்தார்களாம். அதற்கப்புறம் குட்டி நடுக்கங்கள் கூடின என்று சிலர் சொன்னார்களாம், தற்செயல் என்று வேறு சிலர் மறுத்தார்களாம். நீ ஒரு பலகையைச் சாய்த்து, அதன்மேல் செங்கல்லை வைத்து, விழுகிற பதம் வரைக்கும் தூக்கினாய். பிறகு விரலால் தொட்டாய். சரிந்தது. "வெரலா தள்ளிச்சு? சரிவு தள்ளிச்சு. வெரலு சும்மா சாக்கு" என்று சிரித்தாய். என் பிழைப்பு சரிந்துகொண்டிருக்கும்போது உனக்குச் செங்கல் விளையாட்டு கேட்கிறதா என்று எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் காலையில் நீயே ஏகாம்பரம் வீட்டுக்கு வந்து நின்றாய். தம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வாங்கித் தறிக்குழி ஓரத்தில் வைத்தாய். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தாய். "போடு" என்றாய். மெயினைப் போட்டேன். அலமேலு அம்மா கிரைண்டரை ஓட்டினார். வாசலில் நின்ற கூட்டம் தம்ளரையே பார்த்தது. தண்ணீர் அசையவில்லை.

"அப்போ நேத்து ஆடினது இதால இல்லேன்றியா சார்?" என்றார் ஏகாம்பரம்.

"அதை உறுதியா சொல்ல முடியாதுபா. ஆனா ஒண்ணு உறுதியா சொல்றேன். எர்த்தைப் புடுங்கினா இந்த வூட்ல யாராவது செத்துடுவீங்க."

ஏகாம்பரம் "எதுக்கும் உறுதி சொல்லாத மனுசன் இதுக்குச் சொல்றாரே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, உன்னை எழுப்பிவிட்டுத் தறியில் உட்கார்ந்தார். நீ அன்றைக்கு ஒரு பொய் சொல்லி என்னைக் காப்பாற்றியிருந்தால் அந்த எர்த் அங்கே இருந்திருக்காது. எனக்கு இது புரியவே ரொம்ப நாள் ஆனது.

அதற்குப் பிறகு எந்த வேலையிலும் தம்ளர் வைக்காமல் நான் மெயின் போட்டதில்லை. முதலில் உன்னைக் கிண்டல் செய்யத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது.

கடைசியில், ஆஸ்பத்திரியில், உடம்பெல்லாம் ஒயரோடு படுத்துக்கொண்டு, கட்டிலுக்கு எர்த் இருக்கிறதா என்று நர்ஸைக் கேட்டாய். அவர் போனதும், "பொழைச்சிடுவே இல்லடா?" என்று கேட்டேன். நீ என்ன சொல்வாய் என்று தெரிந்தேதான் கேட்டேன். அதையே சொன்னாய். எனக்காக அந்த ஒரு பொய்யையாவது சொல்லியிருக்கலாம் என்று இன்னும் அழுகை வருகிறது.

கல்லறைத் திருநாளன்று எல்லாரும் பூவும் மெழுகுவத்தியும் வைத்தார்கள். நான் உன் கல்லின்மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தேன், தளும்பத் தளும்ப. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் அசைந்தது. சுற்றிச் சுற்றி வட்டம் வட்டமாக, நன்றாகவே அசைந்தது. "ரோட்டுல லாரி போவுதுபா" என்றாள் உன் மனைவி.

லாரியாகத்தான் இருக்கும். ஆனால் உறுதியா சொல்ல முடியாதுபா.