மண்டியிட ஒரு விதி

ஜோஹன்னஸ்பர்க்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் நஸ்ஸாலியின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

மூட்டுவலிக்காரர்கள் மண்டியிடவே கூடாது என்று நாங்கள் தயாரிக்கும் இயன்முறை மருத்துவ வழிகாட்டியில் எங்கள் குழுவினர் எழுதப் பார்த்தார்கள். நான் விடவில்லை.

“எங்க ஊரு மசாகாவுல பெரியவங்க முன்னாடி மண்டி போட்டுத்தான் நலம் கேப்போம். வலிக்குதுன்னு எந்த மருமக நின்னுக்கிட்டுக் கேப்பா?” என்றேன்.

குழுத் தலைவி டிகெலெடி சிரித்தார். “அப்ப வலிக்காம எப்படிப் போடறதுன்னு காட்டும்மா.”

துணியை மடித்துப் போட்டு, நாற்காலியைப் பிடித்தபடி இறங்கிக் காட்டினேன். அதையே விதியாக ஏற்றுக்கொண்டார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

யாராவது இங்கு வந்தால் உங்கள் பழைய பாயைக் கொடுத்தனுப்புங்கள்.

பேருந்து வந்துவிட்டது. ஒன்றைச் சொல்ல மறந்தேன். அன்று மண்டியிட்டுக் காட்டியதும் என் வாய் தானாக, “நல்லா இருக்கீங்களாம்மா?” என்றது. எதிரே காலி நாற்காலிதான் இருந்தது.