விளம்பரம் போடும் இடம்

மார்ச் 3

எடிட்டரம்மாவுக்கு,

நலம். போனில் பேசினால் நாலு வார்த்தைக்குள் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் குரலை உயர்த்த முடியாது, அதனால் எழுதுகிறேன்.

கண்ணாடிக் கடை டிவிக்குச் சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டேன். இப்போது நாள் முழுக்க உங்கள் கம்பெனியின் இலவசச் சேனல்தான். லென்ஸ் மாட்டிக் கொடுத்த பிறகும் ஒருத்தரும் எழுந்து போவதில்லை. ஒரே ஒரு புகார். நேற்று சீரியலில் கதாநாயகி கதவைத் திறந்தாள். வந்தது யார் என்று காட்டுவதற்குள் சோப்பு விளம்பரம்! “எவன்யா இந்த வேலைய பாக்குறது?” என்று ஒரு பெரியவர் கத்தினார். என் பெண்டாட்டிதான் என்று நான் வாயே திறக்கவில்லை.

இப்படிக்கு,
கடைக்காரன்

மார்ச் 10

அன்புள்ள கடைக்காரருக்கு,

பெரியவரிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு காட்சியாகப் பார்த்து, எங்கே நிறுத்தினால் ஆள் ரிமோட்டைத் தொடமாட்டார் என்று குறித்துக் கொடுப்பதுதான் என் வேலை. கதவு திறக்கும் இடம் எங்களுக்கு அல்வா மாதிரி. காசு வாங்காத சேனலுக்குச் சோறு போடுவது அந்தச் சோப்புதான்.

மாதம் நாலைந்து புதுச் சேனல் தொடங்குகிறார்கள். ஒரு வருடத்துக்கு என்று வந்த என்னை நிரந்தரமாக்குகிறார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டால் இனி இந்த ஊர்தான்.

எனக்கு வீட்டுக்கு வர ஆசை. ஆனால் சண்டை போட்டுக் கிளம்பியவள், கூப்பிடாமல் எந்த முகத்தோடு வருவது? ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், வந்துவிடுகிறேன்.

உங்கள்
எடிட்டரம்மா

மார்ச் 18

எடிட்டரம்மாவுக்கு,

பெரியவர் உன்னை மன்னித்துவிட்டார். தினமும் வருகிறார், கண்ணாடிதான் இன்னும் வாங்கவில்லை. பக்கத்து முடிதிருத்தும் கடையிலும் உங்கள் சேனல்தான். தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தால் ஒரு வசனம்கூட விட்டுப்போகாது.

நீ கேட்டதை ரொம்ப யோசித்தேன். அன்றைக்குப் போகாதே என்று அதட்டினேன், நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். பட்டது போதும். இந்தத் தடவை குறுக்கே நிற்கமாட்டேன். வருவதும் இருப்பதும் உன் இஷ்டம். முழு மனதோடுதான் சொல்கிறேன். உன் அண்ணன் கடைக்கு வந்திருந்தார், இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். “மாப்ள, இப்பதான் நீங்க மனுஷன்” என்றார்.

இப்படிக்கு,
கடைக்காரன்

மார்ச் 30

கடைக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று திருப்பியும் பார்த்தேன்.

கோபம் இல்லை. வருத்தம் நிறைய இருக்கிறது. என் இஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் இஷ்டம் என்ன என்பதைத்தானே முதலில் எழுதியிருந்தேன்? நான் கேட்டது உங்கள் இஷ்டத்தை.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அண்ணன் அடுத்த வாரம் இந்தப் பக்கம் வருகிறார். என் துணிகளை அவரிடம் கொடுத்து அனுப்புங்கள். இரண்டு, மூன்று போதாது. எல்லாவற்றையும்.