மதிப்பீட்டுத் தாளில் ஒரு கரண்டி கஞ்சி

அனுப்புநர்:
சௌ யூ-சென்,
கோயில் பின்சந்து, ஆன்பிங், தைனான்.

பெறுநர்:
மேற்பார்வை அதிகாரி,
தென்கரை முதியோர் இல்ல மதிப்பீட்டுப் பிரிவு.

பொருள்: என் தந்தை சௌ மிங்-ஹுய்க்கு மூக்குவழி உணவுக்குழாய் போடும் முடிவை நிறுத்தி, மறுமதிப்பீடு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தைக்கு இன்னும் எவ்வளவு தெரியும்? என்னால் பதில் சொல்ல முடியாது. நான் யார் என்று அவருக்குத் தெரிகிறதா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. உங்கள் பிரிவுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது: பூஜ்யம்.

2. நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவள். மதிப்பெண்களோடு எனக்குப் பகை இல்லை. மறதிநோய் முற்றியவர்களுக்கென எளிய சோதனை வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். உங்கள் சோதனை வெளிநாட்டில் உருவாகிச் சீன மொழிக்கு வந்தது. மொழிபெயர்ப்பில் குறையில்லை. சாப்பாட்டு மேசையை மட்டும் யாரும் மொழிபெயர்க்கவில்லை.

3. சென்ற செவ்வாயன்று மதிப்பீட்டாளர் செல்வி காவ், தந்தையின் முன் ஒரு கிண்ணம் மீன் கஞ்சியும் கரண்டியும் வைத்து, "தாத்தா, இத வச்சு என்ன செய்வீங்க? செஞ்சு காட்டுங்க" என்றார். தந்தை ஒரு கரண்டி கஞ்சியை அள்ளி, செல்வி காவின் முன்னால் இருந்த ஒரே பொருளான மதிப்பீட்டுத் தாளின்மேல் வைத்தார். "ஒண்ணுமே சமைக்கல... சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றார். பணிப்பெண் சிரித்து, "மிஸ் சௌ, உங்கப்பா காகிதத்துக்கு விருந்து வைக்கிறாரு!" என்றார். பதிவானது: கரண்டியின் பயன் தெரியவில்லை, தொடர்பற்ற பேச்சு.

4. தந்தை மீன்குட்டை வைத்திருந்தவர். எவ்வளவு சமைத்திருந்தாலும் விருந்தாளியிடம் "ஒண்ணுமே சமைக்கல" என்பது எங்கள் ஊர் உபசாரம். விருந்தாளிக்கு மீனின் வயிற்றுப்பகுதி, எங்களுக்கு வால். வந்தவர் முதல் வாய் உண்ணும்வரை வீட்டில் யாரும் கரண்டியைத் தொடக் கூடாது. பசியில் பல விருந்தாளிகளை நான் மனத்துக்குள் திட்டியிருக்கிறேன். ஐயா, உங்கள் வீட்டில் மட்டும் வேறு வழக்கமா?

5. இல்லத்தில் அவர் "உணவை மறுக்கிறார்" என எழுதப்படுகிறது. பணிப்பெண்கள் கையில் கிண்ணம் இல்லாமல் எதிரே நின்று காத்திருக்கிறார்கள். அவரும் அவர்களுக்காகக் காத்திருக்கிறார் என்று சந்தேகிக்கிறேன். நிரூபிக்க இயலாது. ஆனால் விழுங்குவதில் சிரமமில்லை என்று உங்கள் மருத்துவரே எழுதியிருக்கிறார். குழாயைப் பிடுங்காமலிருக்க அவர் கைகளுக்கு உறை மாட்டுவார்களாம். அதன்பின் அவர் யாருக்கும் பரிமாறவும் முடியாது.

6. செல்வி காவிடம் விளக்கினேன். "எனக்கு மட்டும் மார்க் போட ஆசையில்லையா, அக்கா? அதுக்குத் தாள்ல கட்டமே இல்லியே" என்றார்.

எனவே குழாயை நிறுத்திவையுங்கள். மதிப்பீட்டாளர் முன்னால் ஒரு காலிக் கிண்ணம் வைத்து மீண்டும் சோதியுங்கள். நான் கேட்பது ஒரு கிண்ணம்.

இடம்: தைனான்
நாள்: மார்ச் 12

சௌ யூ-சென்

பின்சேர்க்கை, மார்ச் 13:

கையெழுத்துக்குப் பதிலாக இடும் நோயாளியின் பெயர் முத்திரை இல்லை என்று இம்மனுவை உங்கள் கவுண்டரில் திருப்பித் தந்தார்கள். முத்திரையோடு இன்று நடந்ததையும் சேர்த்திருக்கிறேன்.

குழாய்க்கான ஒப்புதல் படிவத்துடன் செல்வி காவ் வந்தார். அவர் முன்னால் காலிக் கிண்ணத்தை வைத்தேன். தந்தை வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, ஒரு கரண்டி கஞ்சியை அதில் இட்டார். நோயாளியின் உணவை மதிப்பீட்டாளர் உண்ணக் கூடாது என்பது விதி. அவர் உண்ணவில்லை. தந்தையும் உண்ணவில்லை. கஞ்சி ஆறியது. கடைசியில் செல்வி காவ் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். தந்தை உடனே தன் கிண்ணத்தை இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்.

செல்வி காவ் ஒப்புதல் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். இன்று குழாய் போடப்படவில்லை. நாளையும் போடாமலிருக்க உங்கள் உத்தரவு தேவை.

பாதியில் தந்தை நிமிர்ந்து, நின்றிருந்த என்னைப் பார்த்தார். என் முன்னால் கிண்ணம் இல்லை. என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் ஒரு கரண்டி கஞ்சி வைத்தார். மகள் என்று தெரிந்தா, விருந்தாளி என்று நினைத்தா, தெரியாது. மீனின் வயிற்றுப்பகுதி இருந்தது. சாப்பிட்டேன்.