இழந்தால் அழாத விலையில் ஒரு கார்

வீட்டில் எல்லாரையும் வம்புக்கு இழுத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொள்ளும் என் ராஜனுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் முதல் வருடத் திவசம் கொடுத்தாகிவிட்டது. பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி கவிதை எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது பழைய கார். அதைப் பற்றித்தான் உனக்கு ஒரு சேதி இருக்கிறது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு வரி. என் தம்பி கிளேபாங் கடலோரச் சாலையில் கூட்டாளியோடு கார்ப் போட்டி ஓடி, விளக்கில்லாமல் ஓரம் நின்ற லாரியில் மோதிச் செத்தான். விபத்து என்று மட்டும் போடச் சொன்னார்கள் உறவுக்காரர்கள். நடந்தது இதுதான்.

உன் காரைப் போலீஸ் நிலையத்தின் பின்புறம் போட்டிருந்தார்கள். அடையாளம் காட்ட நான்தான் போனேன். மோதிய கார்களை வாங்கிப் பிரித்து விற்று மேலே வந்தவள் நான். என் கண் தானாக வேலை செய்தது. பின்கதவு நன்றாக இருக்கிறது. மூன்று ரிம் தேறும். பின்விளக்கு இரண்டும் முழுசு. அப்படியே மதிப்புப் போட்டுக்கொண்டு நடந்து வந்து ஓட்டுநர் பக்கம் நின்றேன். அங்கே தேறுவதற்கு எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. நீ பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "வியாபாரி வியாபாரிதான்லா" என்று சிரித்திருப்பாயா?

உன் காரியத்தோடு தினேஷ் நிறுத்திவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தோட்டத்துப் பள்ளியில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன், அன்றைக்கு உனக்கு முன்னால் ஓடிய காரில் இருந்தவன். அவன் நிறுத்தவில்லை. அதே டர்போ கார், அதே சாலை.

அவன் பெண்டாட்டி கவிதா ஒருநாள் என் கடைக்கு வந்தாள். வயிற்றில் பிள்ளை. நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"அக்கா, அவருக்கு ஒரு காடி பாத்துக் குடுங்க. மலிவா."

"இருக்கற காடி பத்தலையா உன் புருஷனுக்கு?"

"ரோட்டுக்கு இல்லக்கா. பந்தய டிராக்ல ஓட்ட. காசு கட்டுனா நாள் பூரா ஓட்ட விடுவாங்களாம். எதிர்ல யாரும் வரமாட்டாங்களாம். ஆம்புலன்ஸ் நிக்குமாம்."

ஆம்புலன்ஸ் நிற்பதை அவள் ஒரு வசதி போலச் சொன்னாள், ராஜன்.

"நிறுத்தச் சொல்லு அவன."

"சொல்லிட்டேன். கோயில்ல சத்தியம் கூட வாங்கிட்டேன். வெள்ளிக்கிழமை ஆனா சாவிய எடுத்துர்றாரு. கேட் சத்தம் கேக்கற வரைக்கும் நான் முழிச்சுக்கிட்டுக் கெடக்கறேன். இந்தப் புள்ள பொறக்கறப்ப அவரு இருக்கணும்க்கா. எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒருத்தனுக்கு வாய்க்கரிசி போட்ட கையால் இன்னொருத்தனுக்குச் சாவி எடுத்துக் கொடுப்பதா?

ஆனால் கடையை மூடும்போது யோசனை வேறு பக்கம் ஓடியது. நான் இல்லை என்றால் அவன் வேறு இடத்தில் வாங்குவான். நீயும் அப்படித்தான் செய்தாய். அக்கா தரமாட்டாள் என்று தெரிந்து வேறு ஒருத்தனிடம் வாங்கினாய், அதுவும் அதிக விலைக்கு. அடுத்த ஞாயிறு தினேஷைக் கூப்பிட்டு வண்டியில் ஏறச் சொன்னேன்.

டிராக்குக்கும் அவனுக்கு ஒரு டர்போ கார்தான் வேண்டும். "டர்போ இல்லாம டிராக்குக்குப் போனா சிரிப்பானுங்க கா."

"சிரிக்கட்டும்லா. அவனுங்க சிரிக்கறதக் கேக்கவாவது நீ உசுரோட இருப்ப."

போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். வேகத்தைக் கேட்காதே, எடையைக் கேள். இலேசான கார் பிரேக்கைத் தின்னாது, டயரைத் தின்னாது. யாரும் நோண்டாத எஞ்சின் வேண்டும். தண்ணீர் சூடேறாத ரேடியேட்டர் வேண்டும். உடைந்தால் ஜாசினில் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இழந்தால் அழாத விலையில் இருக்க வேண்டும். சுவரில் மோதினாலும் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, "போகட்டும்" என்று நடந்து வரக்கூடிய கார். ஆசை வைத்த காரைக் காப்பாற்றப் போய்த்தான் ஆள் சாகிறான். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். உன்னைப் போலவே, கேட்காத மாதிரி.

முதலில் உம்பாயில் பார்த்தது மீன் ஏற்றிய கார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடியில் குனிந்து விரலால் அழுத்தினேன், உப்புத்தண்ணீர் தின்ற தகரம் பிஸ்கட் போல உதிர்ந்தது. இரண்டாவது, சிவப்புக் கார். பந்தய இருக்கை, பெரிய ரிம். தினேஷ் ஏறி உட்கார்ந்தவன் இறங்கவே இல்லை. நான் பின்னால் போய்ச் சாமான் வைக்கும் இடத்து விரிப்பைத் தூக்கினேன். குறுக்கே ஒரு வெல்டிங் கோடு.

"சின்ன தட்டல்தாங்க்கா," என்றான் விற்க வந்தவன்.

"தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இந்தக் கோட்டப் பாத்தவ. முன்பாதி ஒரு காடி, பின்பாதி ஒரு காடி." தினேஷ் பக்கம் திரும்பினேன். "ரெண்டு பேரு மோதி மிஞ்சினத ஒட்டி வச்சிருக்கான். மூணாவது ஆளா நீ ஒக்காந்திருக்க. எறங்கு."

இறங்கினான்.

பெம்பானில்தான் கிடைத்தது. ஓய்வுபெற்ற மலாய் டீச்சர் ஒருவரின் மூன்று கதவு வெள்ளைச் சத்ரியா கார். சாயம் உரிந்து, உள்கூரைத் துணி தொங்கி, பானெட் மேல் கோழி படுத்திருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன், வெள்ளத்தில் முழுகிய கார் என்று காட்டும் சேறு இல்லை. எஞ்சின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பிரேக்கை மிதித்தால் காலுக்குக் கெட்டியாகப் பதில் சொன்னது.

"கோழி குந்தற காடி கா இது."

"அதுக்கே புடிச்சிருக்கு பாரு. உனக்கென்ன?"

அன்றைக்குத்தான் அவன் முதல்முறையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே பேரத்தை முடித்திருக்கலாம். நான் நிபந்தனை போட்டேன்.

"இத நான் வாங்கித் தரேன். உன் டர்போவ எங்கிட்ட விட்டுடு. ஒன்னுக்கு ஒன்னு."

அவன் முகம் சுருங்கியது. "அதக் கேக்காதீங்க. ராஜனும் நானும் சேர்ந்து கட்டினது. இஞ்சின் எறக்குன அன்னிக்கு அவன் கை வெந்துச்சு."

"தெரியும். மருந்து போட்டது நான்தான்."

"அதையும் வித்துக் காசாக்கப் போறீங்களா?"

தைத்தது. கடை வைத்திருக்கிறவளைப் பார்த்து எவனும் கேட்கிற கேள்விதான். ஆனாலும் தைத்தது.

"ரெண்டு சாவியும் ஒரே ஆளுகிட்ட இருக்காது தினேஷ். அவ்வளவுதான்."

என் வண்டியில் ஏறாமல் பஸ் பிடிக்க நடந்து போய்விட்டான்.

வெள்ளைக் காரை வாங்கி என் கடையில் நிறுத்திவிட்டேன். அது நின்றுகொண்டே இருந்தது. சனிக்கிழமை விடிந்தால் போனைப் பார்ப்பேன். கவிதாவிடமிருந்து வருமோ என்று பயம். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அதற்கும் பயம். நீ இருந்த காலத்தில் எனக்கு இந்தப் பயம் தெரியாது. உன்னை நம்பியிருந்தேன், மடச்சி.

ஒரு சனிக்கிழமை அவனே வந்தான். மேசை மேல் டர்போவின் சாவியை வைத்தான். "எடுத்துக்கோங்க கா." ஏன் என்று நான் கேட்கவில்லை. சாவி மேசைக்கு வந்த பிறகு காரணம் கேட்கிறவள் வியாபாரம் செய்ய லாயக்கில்லை.

அந்த வாரமே டர்போவை வாங்க ஆட்கள் வந்தார்கள். எல்லாம் உன் வயதுப் பையன்கள். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு என் கை அரித்தது உண்மை. ஆனால் அதைக் காயலான் கடைக்கு இழுத்துப் போய், எஞ்சினோடு சேர்த்து நசுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். நீங்கள் இரண்டு பேரும் கட்டியது ஒரு மேசை அளவுக்கு வந்தது. தினேஷ் கேட்ட கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

போன வாரம் டிராக்குக்குப் போனோம். கவிதாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது, நான்தான் கூடப் போனேன். கடையிலேயே எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டோம். டாஷ்போர்டில் தினேஷ் சின்ன முருகனையும் உன் படத்தையும் ஒட்டியிருந்தான். வாசலில் காரைச் சோதித்த மலாய் அதிகாரி, உள்ளே எதுவும் இருக்கக் கூடாது, குலுங்கினால் தலையில் அடிக்கும் என்றார். முருகனையும் உன்னையும் இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். கைப்பையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

அங்கே வந்த கார்களில் நம்முடையதுதான் மெதுவானது. பெரிய கார்கள் எல்லாம் உறுமிக்கொண்டு கடந்து போயின. தினேஷ் ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி வழிவிட்டான். அந்த அதிகாரியே என் பக்கம் வந்து நின்றார். "காக்," என்று மலாயில் அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார். "உங்க ஆளு நல்லா ஓட்டறாரு. புதுசா வர்றவங்க பின்னால பாக்கவே மாட்டாங்க. இவரு கண்ணாடிய விட்டுக் கண்ண எடுக்கறதே இல்ல." எனக்குப் பெருமையாக இருந்தது.

வண்டி உள்ளே வந்தது. பிரேக்கிலிருந்து புகை. அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் பக்கம் குனிந்து அதிகாரி சொன்னதைச் சொன்னேன்.

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தான். பிறகு சொன்னான்.

"அன்னிக்குப் பாக்கல கா. அவனத் தாண்டிட்ட சந்தோஷத்துல ரொம்ப தூரம் பின்னால பாக்கவே இல்ல. பாத்தா, அவன் காடி வெளக்கு இல்ல. தோத்துட்டான்னு நெனச்சுச் சிரிச்சேன். சாப்பாட்டுக் கடையில போய் ரெண்டு பேருக்கும் ஐஸ் தண்ணி சொல்லிட்டு ஒக்காந்திருந்தேன் கா. அவன் தண்ணில ஐஸ் கரையுதேன்னு திட்டிக்கிட்டு இருந்தேன்."

நான் ஜன்னலோரம் இன்னும் குனிந்தேன்.

"வெள்ளிக்கிழமை அதுக்குத்தான் போனேன். இன்னொரு தடவ ஓட்டிப் பாத்தா, கண்ணாடில வருவானான்னு."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் பாத்துக்கிட்டேதான் ஓட்டுனேன். வேற வேற காடிதான் வருது."

நீ அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லித் தேற்றியிருப்பாய்? நான் சக்கரத்துக்குள் குனிந்து பிரேக் பட்டையைப் பார்த்தேன். மீதி இருந்தது. "இன்னொரு ரவுண்டு இருக்கு. போகவா கா?" என்று கேட்டான். இத்தனை வருடத்தில் உங்கள் இரண்டு பேரில் ஒருத்தன் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"சூடு தணியட்டும். அப்புறம் போ," என்றேன்.

ராஜன், பழைய காருக்கு நான் யாருக்கும் உத்தரவாதம் எழுதிக் கொடுத்ததில்லை. தினேஷுக்கும் கொடுக்க முடியாது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவன் வீட்டில் இருக்கிறான், கவிதா இன்னும் தூங்காமல்தான் கிடக்கிறாள். நாளைக்கே வேறு ஒருத்தனிடம் வேறு ஒரு கார் வாங்கி அவன் அந்தச் சாலைக்குப் போகலாம். என்னால் முடிந்ததை மட்டும் சொல்கிறேன். வெள்ளைக் காரின் சாவி என் கடை ஆணியில்தான் தொங்கும். ஒவ்வொரு முறையும் நான்கு சக்கரத்தையும் நானே கழற்றிப் பிரேக்கைப் பார்ப்பேன். பட்டை தேய்ந்திருந்தால், அவன் காலில் விழுந்து கேட்டாலும் சாவி தரமாட்டேன். அவன் ஓட்டுகிற நாள் எல்லாம் அந்தச் சுவரோரம் நிற்பேன். உனக்கு இதையெல்லாம் செய்ய நீ என்னை விடவில்லை.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் இருக்கும்படி ஆகிவிட்ட
உன் அக்கா,
பாக்கியம்